தாய்ப்பாலைப் பேணிக் காப்போம்

பெண்ணாடம் என்னும் ஊர்ப்பெயருக்கு முன்னோர் ஒரு விளக்கம் கூறுவர். பெண்ணாகடம் என்பதே அதன் பழம்பெயர். தேவமகளிராகிய பெண், காமதேனுவாகிய ஆ, கடமாகிய யானை ஆகிய மூவரும் வழிபட்ட தலமாதலின் அப்பெயர் அமைந்தது என்பது இவ்வூர்த் திருக்கோயிலின் மரபு. மெய்கண்டார் பிறந்த ஊர் என்று சைவ உலகம் போற்றுவதும் இவ்வூரையே. பெண்ணும் ஆவும் ஒரே பெயருக்குள் இணைந்து நிற்பதை எண்ணும்போது, இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழும் ஒரு கேள்வி நினைவுக்கு வருகின்றது. தாய் வேலைக்குச் சென்றுவிட்ட பின்பு, வீட்டில் இருக்கும் கைக்குழந்தைக்குப் பெண்ணின் பாலா, ஆவின் பாலா?

பெண்ணாடம், விருத்தாசலம் வட்டாரத்துப் பெண்கள் உழைப்புக்கு அஞ்சாதவர்கள். கரும்பு வயலிலும் நெல் வயலிலும் அவர்கள் வேலை செய்கிறார்கள். விருத்தாசலத்துப் பீங்கான் கூடங்களில் மண் பிசைந்தும், அச்சில் வார்த்தும், பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டியும் கூலி பெறுகிறார்கள். கடைகளிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரிவோர் மற்றும் பலர். இவர்களுள் மாதச் சம்பளமும் விடுப்பும் உடையவர் சிலரே. ஏனையோர் மகப்பேற்றுக்குப்பின் இரண்டு மூன்று மாதங்களிலேயே வேலைக்குத் திரும்ப வேண்டிய நிலையில் உள்ளனர். அன்று முதல் குழந்தை பாட்டியின் பொறுப்பில் விடப்படுகிறது. பாட்டியும் தமக்குத் தெரிந்தபடி, பசும்பாலில் தண்ணீர் கலந்தோ, டின் பாலைக் கரைத்தோ, புட்டியில் ஊட்டுகிறார். அன்பினாலேயே இதைச் செய்கிறார். எனினும் விளைவு நன்றாக இருப்பதில்லை.

பசும்பால் கன்றுக்கென அமைந்த உணவு. அதில் உள்ள புரதம் தாய்ப்பாலில் உள்ளதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. பச்சிளங் குழந்தையின் சிறுநீரகம் அச்சுமையைத் தாங்க இயலாது தவிக்கும். இரும்புச் சத்தோ பசும்பாலில் மிகக் குறைவு. இதைவிடப் பெரிய ஆபத்து, கலக்கும் தண்ணீரிலும் சரியாகக் கழுவப்படாத புட்டியிலும் ஒளிந்திருக்கிறது. வயிற்றுப்போக்கு என்னும் கொடிய நோய் பெரும்பாலும் அவ்வழியாகவே நுழைகிறது. ஆதலின் முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே, அதன் பின்னர் ஏனைய உணவுடன் இரண்டு ஆண்டுகள் வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று உலக நல வாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகின்றது.

அப்படியானால் வேலைக்குச் செல்லும் தாய் என்ன செய்வாள்? அவள் தன் பாலைப் பீய்ச்சி எடுத்து, தூய்மையாக மூடி, குளிர்ச்சியில் வைத்துச் செல்லலாம். அதை வீட்டில் உள்ளோர் உரிய நேரத்தில் குழந்தைக்கு ஊட்டலாம். இது பெருநகரத்துச் செல்வர்களுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கின்றனர். அவ்வாறு அன்று. இதற்கு வேண்டியவை ஒரு துண்டு சோப்பும், மூடியுள்ள இரண்டு மூன்று பாத்திரங்களும், கொஞ்சம் குளிர்ச்சியும், வீட்டாரின் ஒத்துழைப்புமே. ஒரு குருவானவர் இதைப்பற்றி எழுதுவானேன் என்று சிலர் வியக்கலாம். குழந்தையின் நலம் குடும்பத்தின் நலம். குடும்பங்களின் நலம் எம் கவலையே.

தயக்கங்கள் சில

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது நாம் கேட்கும் தயக்கங்கள் பலவாகும். "பீய்ச்சினால் பால் வற்றிப்போகும்" என்பது ஒன்று. உண்மை இதற்கு நேர்மாறானது. குழந்தை உறிஞ்சுவதாலோ, கையால் பீய்ச்சுவதாலோ மார்பு காலியாகும் அளவுக்கே புதிய பால் சுரக்கின்றது. நாள் முழுவதும் பாலை எடுக்காமல் விட்டால்தான் மார்பு கட்டி வலிக்கும். நாளடைவில் சுரப்பும் குறைந்துவிடும். வேலையிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சி எடுக்கும் தாய், குழந்தையின் நாளைய உணவையும் காக்கிறாள். தன் சுரப்பையும் காக்கிறாள்.

"வெயிலில் நின்று வந்தவளின் பால் சூட்டுப்பால், அது குழந்தைக்கு ஆகாது" என்பது இன்னொன்று. வெயிலில் உழைத்த தாயின் உடலுக்குத் தண்ணீரும் ஓய்வும் தேவை என்பது மெய்யே. ஆனால் அவளுடைய பால் அதனால் கெடுவதில்லை. "கண்ணேறு படும்" என்பது மூன்றாவது. மூடி வைத்த பாத்திரத்தின் மேல் எவர் கண் படும்? பிரசவித்தவுடன் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கழித்துவிடும் வழக்கமும் இன்னும் அங்கங்கே இருக்கிறது. நோயை எதிர்க்கும் பொருள்கள் செறிந்த அப்பாலே குழந்தைக்குக் கிட்டும் முதல் காவல். ஒரு துளியும் வீணாக்கலாகாது.

பீய்ச்சும் முறை

தாய்மார்களே, முதலில் கைகளைச் சோப்பிட்டு நன்றாகக் கழுவுங்கள். நகங்கள் வெட்டப்பட்டிருக்கட்டும். மார்பைச் சோப்பால் தேய்க்க வேண்டா. நாள்தோறும் குளிப்பதே போதும். அமைதியான ஓரிடத்தில் அமர்ந்து, வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சிறிது நேரம் மார்பில் ஒற்றி, விரல்களால் மெல்லத் தடவிக் கொடுங்கள். குழந்தையை மனத்தில் நினைப்பதே பால் இறங்கத் துணை செய்யும். இது கற்பனை அன்று. மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட உண்மை.

பின்னர், காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் விளிம்பில் மேலே கட்டைவிரலையும் கீழே சுட்டுவிரலையும் வையுங்கள். முதலில் நெஞ்செலும்பை நோக்கி உள்ளே அழுத்தி, அதன்பின் இரு விரல்களையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பையே பிடித்து இழுப்பதால் பயனில்லை; வலிதான் மிஞ்சும். சில நொடிகளுக்குப் பின் பால் துளித்துளியாக வந்து, பிறகு பீறிடும். விரல்களின் இடத்தை மாற்றி மாற்றிச் சுற்றிலும் அமுக்குங்கள். ஒரு பக்கம் மூன்று முதல் ஐந்து நிமிடம், பிறகு மறுபக்கம் என்று மாறி மாறிச் செய்தால் இருபது முப்பது நிமிடங்களில் வேலை முடியும். கைக்கருவியோ மின்கருவியோ உடையவர்கள் அதனைப் பயன்படுத்தலாம். ஆயின் ஒவ்வொரு முறையும் பால்படும் உறுப்புகளைக் கழற்றிக் கழுவுதல் இன்றியமையாதது. கழுவ இயலாத இடத்தில் கருவியைவிடக் கையே நலம்.

வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே இதைப் பழகத் தொடங்குவது நல்லது. முதல் நாளில் ஒரு கரண்டிப் பால் மட்டும் வந்தால் மனம் தளர வேண்டா. கை பழகப் பழக அளவும் கூடும். எவ்வளவு தேவைப்படும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை உள்ள குழந்தை ஒரு நாளில் சராசரியாக 750 மில்லிலிட்டர் தாய்ப்பால் பருகும். தாய் எட்டு மணி நேரம் வெளியே இருப்பாளாயின் ஏறத்தாழ 250 மில்லி தேவை. ஆகவே மூன்று சிறு பாத்திரங்களே போதும். எஞ்சிய நேரமெல்லாம் தாயின் மடியே குழந்தைக்கு உரியது.

எதில் வைப்பது?

மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணமோ, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிச் சீசாவோ சாலச் சிறந்தது. தாய்ப்பாலுக்கென்றே கடைகளில் கிடைக்கும் பைகளும் உண்டு. குளிர்பானம் வந்த பாட்டில்களும் சாதாரண பிளாஸ்டிக் பைகளும் இதற்கு ஆகா. பீங்கான் நம் வட்டாரத்தின் பெருமை. எனினும் மூடியில்லாத கிண்ணமும், உட்புறம் வண்ணம் தீட்டியதும், மெருகில் கீறல் விட்டதும் வேண்டா. கீறலுக்குள் அழுக்குத் தங்கும்.

பாத்திரத்தைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, துணியால் துடைக்காமல் தானே உலரவிடுங்கள். ஒரு பாத்திரத்தில் ஒரு வேளைக்குரிய அளவே, அதாவது 60 முதல் 120 மில்லி வரை, ஊற்றுங்கள். பெரிய பாத்திரம் நிறைய வைத்தால் மீதமானது வீணாகும். உறைய வைப்பதாயின் மேலே ஒரு விரற்கடை இடம் விடவேண்டும். உறையும்போது பால் விரியும். இடம் இல்லையேல் கண்ணாடி வெடிக்கும். எடுத்த தேதியையும் நேரத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். எழுத்தறியாத பாட்டி வீட்டில் இருந்தால் நூலின் நிறத்தாலோ முடிச்சின் எண்ணிக்கையாலோ அடையாளம் செய்யலாம். முந்தி எடுத்ததை முந்திக் கொடுக்க வேண்டும் என்பதே விதி.

புதிதாகப் பீய்ச்சிய பால் உடல் வெப்பத்துடன் இருக்கும். அதை ஏற்கெனவே குளிர்ந்த பாலில் நேராக ஊற்றலாகாது. தனியே குளிரவைத்த பிறகே சேர்க்கவேண்டும்.

எத்தனை நேரம் தாங்கும்?

கறந்த பசும்பால் வெளியே இருந்தால் விரைவில் திரிந்துபோவதை நாம் அறிவோம். தாய்ப்பாலில் கிருமிகளை எதிர்க்கும் உயிரணுக்களும் சத்துகளும் இருப்பதால் அது சற்றுக் கூடுதலான நேரம் தாங்கும். எனினும் எல்லை உண்டு. மருத்துவ அமைப்புகள் வகுத்துள்ள எல்லைகளை நம் ஊர்க் காலநிலைக்கு ஏற்ப ஈண்டுத் தருகிறோம்.

அறையில், 25 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருப்பின், 4 மணி நேரம். மார்கழி, தை மாதத்துக் காலை வேளைகளில் நம் வீடுகளில் இது பொருந்தும். வெப்பம் 30 டிகிரியைத் தொடும் நாள்களில் 4 மணி என்பது கடைசி எல்லை. அதற்கு முன்பே கொடுத்துவிடுவது அறிவுடைமை. கத்திரி வெயில் காலத்தில், விருத்தாசலம் பக்கத்தில் 40 டிகிரியை எட்டும் அனலில், பாலை வெளியே வைக்கவே கூடாது. எடுத்தவுடன் குளிர்ச்சிக்குக் கொண்டு செல்லவேண்டும்.

பிரிட்ஜில், 4 டிகிரி குளிர்ச்சியில், 4 நாள் வரை. கதவில் உள்ள தட்டில் வைக்காமல் உட்புறம் பின்பக்கத்தில் வையுங்கள். கதவைத் திறக்குந்தோறும் அங்கே வெப்பம் ஏறும். மீன், இறைச்சி, மாவுப் பாத்திரம் ஆகியவற்றுக்கு எட்டாத இடத்தில், மூடிய ஒரு டப்பாவுக்குள் தாய்ப்பால் பாத்திரங்களை வைப்பது நலம்.

உறைபெட்டியாகிய பிரீசரில் எத்தனை நாள் என்பது அதன் வகையைப் பொறுத்தது. தனிக்கதவுள்ள பிரீசரில், பூச்சியத்துக்குக் கீழ் 18 டிகிரி குளிர் இருக்குமாயின், 6 மாதத்துக்குள் பயன்படுத்துவது சிறந்தது. 12 மாதம் வரை ஏற்கத் தக்கது. ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒற்றைக் கதவுப் பிரிட்ஜே. அதன் மேற்பகுதியில் உள்ள சிறு பெட்டி அத்தனை குளிர் தராது. அதில் வைத்த பாலை இரண்டு வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டார் என்ன செய்வது? உறைந்த பனிக்கட்டிப் பைகளோடு நன்கு மூடிய வெப்பம் புகாப் பெட்டியில் பாலை 24 மணி நேரம் வரை வைக்கலாம். வேலையிடத்தில் பீய்ச்சிய பாலை வீட்டுக்குக் கொண்டுவரவும் இதுவே வழி. அகன்ற வாயுள்ள பிளாஸ்கில் பனிக்கட்டி இட்டு, அதனுள் சிறு சீசாவை மூடி வைப்பதும் சில மணி நேரத்துக்கு உதவும். மண்பானைத் தண்ணீரிலும் ஈரமணலிலும் பாத்திரத்தை வைப்பதால் சிறிது குளிர்ச்சி கிட்டுமே அன்றி, அதை நம்பி நேரத்தை நீட்டலாகாது.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். உறைய வைத்த பாலில் உயிரணுக்கள் அழிகின்றன. வைட்டமின் சி குறைகின்றது. நோய் எதிர்ப்புப் பொருள்களில் பெரும்பகுதி நிலைத்து நிற்கின்றது. ஆகவே மடியில் குடிக்கும் பால் முதலாவது. புதிதாகப் பீய்ச்சியது அடுத்தது. குளிர வைத்தது மூன்றாவது. உறைய வைத்தது நான்காவது. நான்காவது நிலையில் உள்ளதும் டின் பாலைவிடச் சிறந்ததே. குறைமாதக் குழந்தைக்கும் நோயுற்ற குழந்தைக்கும் இவ்வெல்லைகள் இன்னும் குறுகியவை. மருத்துவமனையில் கூறும் கணக்கையே அங்குப் பின்பற்ற வேண்டும்.

மின்சாரம் நின்றால்

மழைக்காலப் புயலும் கோடைக்கால மின்தடையும் நமக்குப் புதியன அல்ல. மின்சாரம் நின்றவுடன் பிரிட்ஜைத் திறந்து திறந்து பார்ப்பதே நாம் செய்யும் பிழை. மூடியபடியே விட்டால் பிரிட்ஜ் ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறையப் பொருள் உள்ள தனிப் பிரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். ஒற்றைக் கதவுப் பிரிட்ஜின் சிறு பெட்டியை அவ்வளவுக்கு நம்ப இயலாது. மின்சாரம் திரும்பியபின் பாலைப் பாருங்கள். பனித்துகள்கள் இன்னும் தெரிந்தால் மீண்டும் உறைய விடலாம். முழுதும் உருகி, ஆனால் சில்லென்று இருந்தால், பிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் கொடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பாகிவிட்டதாயின் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கொட்டிவிடுங்கள். பாடுபட்டு எடுத்த பாலைக் கொட்டுவது தாய்க்கு எத்தனை வருத்தம் என்பதை நாம் அறிவோம். குழந்தையின் வயிறு அதனினும் பெரிது.

உருக்குதலும் ஊட்டுதலும்

உறைந்த பாலை முதல்நாள் இரவே பிரீசரிலிருந்து எடுத்துப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் காலைக்குள் மெல்ல உருகும். அவசரமாயின் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள கிண்ணத்தில் பாத்திரத்தை நிறுத்துங்கள். அடுப்பில் வைத்துக் காய்ச்சலாகாது. பசும்பாலைக் காய்ச்சுவது கிருமிகளை ஒழிக்க. தாய்ப்பாலைக் காய்ச்சினாலோ அதிலுள்ள காக்கும் பொருள்களே ஒழியும். மைக்ரோவேவ் அடுப்பும் வேண்டா. அது ஓரிடத்தில் கொதிக்கவும் ஓரிடத்தில் குளிரவும் செய்து, குழந்தையின் வாயைச் சுட்டுவிடும்.

வைத்திருந்த பாலில் மேலே ஆடைபோல் கொழுப்பு மிதக்கும். அதைக் கண்டு பால் திரிந்துவிட்டதென அஞ்ச வேண்டா. மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். நீலம் பாய்ந்ததுபோலவோ மஞ்சளாகவோ இருப்பதும் இயல்பே. சில தாய்மாரின் பால் குளிர்ச்சியில் வைத்தபின் சோப்பு வாடை வீசும். கொழுப்பைச் செரிக்கச் செய்யும் ஒரு பொருளின் வேலை அது, தீங்கில்லை. புளித்த நாற்றம் வீசினால் மட்டும் கொடுக்க வேண்டா.

உருகிய பாலைப் பிரிட்ஜில் 24 மணி நேரம் வரை வைக்கலாம்; வெளியே எடுத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். முழுதும் உருகியதை மீண்டும் உறைய வைக்கவே கூடாது. குழந்தை குடித்து மீதம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கலாகாது. அதில் குழந்தையின் எச்சில் கலந்துவிட்டது.

ஊட்டுவதற்குப் புட்டியைத் தேட வேண்டியதில்லை. நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடை இருக்கிறதே! சங்கு என்றும் சிலர் சொல்வர். மூக்குப்போல் நீண்ட அச்சிறு பாத்திரம் குறைமாதக் குழந்தைக்கும் ஏற்றது என்று குழந்தை மருத்துவர்களே இன்று பரிந்துரைக்கின்றனர். புட்டியின் இரப்பரில் அழுக்குத் தங்கும். பாலாடையில் தங்க இடமில்லை. புட்டிக்குப் பழகிய குழந்தை மார்பை வெறுப்பதும் உண்டு; பாலாடைக்குப் பழகிய குழந்தைக்கு அந்தக் குழப்பம் நேர்வதில்லை. குழந்தையை மடியில் சாய்வாக உட்காரவைத்து, பாலாடையின் நுனியை உதட்டோரம் வைத்து, சிறிது சிறிதாக அது விழுங்கும் வேகத்துக்கு ஏற்ப ஊட்டுங்கள். வேகமாகச் சாய்த்தால் புரையேறும்.

பிறர் பிள்ளைக்கும் பால்

பேணி வைக்கும் இந்தக் கலை ஒரு வீட்டோடு நிற்பதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குச் சொந்தத் தாயின் பால் கிட்டாத நேரங்கள் உண்டு. தாய் நோயுற்றிருக்கலாம், இறந்தே போயிருக்கலாம். முன்னாளில் அடுத்த வீட்டுத் தாய் அக்குழந்தையைத் தன் மார்பில் அணைத்துக்கொண்டாள். செவிலித்தாய் என்னும் சொல் நம் மொழிக்குப் பழையது. இந்நாளில் எச்.ஐ.வி. முதலிய நோய்கள் பாலின் வழியே பரவக்கூடும் என்பதால் அப்படிச் செய்வது பாதுகாப்பாகாது. அந்த இடத்தை நிரப்ப வந்தவையே தாய்ப்பால் வங்கிகள். உலகின் முதல் வங்கி 1909 இல் வியன்னா நகரில் தோன்றியது. நம் நாட்டில் 1989 நவம்பர் 27 அன்று மும்பை சயான் பகுதியில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில், டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் அவர்களின் முயற்சியால் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. ஆசியாவிலேயே முதலாவது என்று அது போற்றப்படுகின்றது.

தமிழகத்தில் 2015 ஆகஸ்டு மாதத்தில் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் தாய்ப்பால் வங்கிகளும், பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளும் திறக்கப்பட்டன. வங்கி பெற்ற மருத்துவமனைகளுள் ஒன்று திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. பெண்ணாடத்தில் இரயிலேறி அரியலூர் வழியே சென்றால் அடையும் ஊர்தான் அது. அவ்வங்கிக்குத் திருச்சிப் பகுதித் தாய் ஒருவர் 2023 முதல் 2025 வரை 22 மாத காலத்தில் 300 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட பாலை வழங்கினார் என்னும் செய்தி 2025 இல் வெளிவந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் நாள்தோறும் ஏறத்தாழ 450 மில்லி! தம் குழந்தைக்கும் ஊட்டிக்கொண்டு, எஞ்சியதைப் பீய்ச்சிப் பேணி, முகம் அறியாத குழந்தைகளுக்கு அவர் அனுப்பி வந்தார். எல்லாத் தாய்மாருக்கும் இத்தனை சுரப்பு இராது, இருக்கவும் வேண்டா. ஒரு கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சில மில்லியே போதும். ஒரு தாயின் ஒரு கிண்ணப் பால் அப்படிப்பட்ட பல வேளைகளுக்கு உணவாகும்.

வங்கியில் என்ன நடைபெறுகிறது? பால் கொடுக்க முன்வரும் தாயின் இரத்தம் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, மேகநோய் ஆகியவற்றுக்குச் சோதிக்கப்படுகிறது. பெற்ற பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து, உடனே குளிரவைக்கிறார்கள். கிருமி உண்டா என்று வளர்ப்புச் சோதனை செய்த பிறகே, பூச்சியத்துக்குக் கீழ் 20 டிகிரியில் உறைய வைத்துக் காக்கிறார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அன்றி எக்குழந்தைக்கும் அது தரப்படுவதில்லை.

விலைப்பொருள் அன்று

இத்தகைய காவல் ஏதுமின்றித் தாய்ப்பாலை விற்கவும் சிலர் துணிந்தனர். 2024 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சென்னை மாதவரத்தில் ஒரு கடையில் தாய்ப்பால் சீசாக்களில் அடைத்து விற்கப்படுவதை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கண்டுபிடித்துக் கடைக்கு முத்திரை வைத்தனர். 50 மில்லிச் சீசா ஒன்றின் விலை 500 ரூபாய் என்று நாளேடுகள் எழுதின. அதே மாதம் 24 ஆம் நாள், தாய்ப்பாலைப் பதப்படுத்தி விற்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அறிவுறுத்தியிருந்தது. விலை என்று ஒன்று வந்துவிட்டால், வறுமையில் வாடும் தாய் தன் குழந்தையின் வாயிலிருந்து பறித்து விற்கும் நிலை ஏற்படும். வாங்குகிறவருக்கோ அது யாருடைய பால், எத்தனை நாள் இருந்தது, எந்தக் கையால் எடுத்தது என்பது எதுவும் தெரியாது. தேவைப்படுவோர் அரசு மருத்துவமனையின் வங்கியை நாடுக. கடையையும் தரகரையும் நாடற்க.

யார் கடமை?

இதுவரை கூறியவற்றையெல்லாம் தாய் ஒருத்தியின் தலையில் ஏற்றிவிட்டு மற்றவர் விலகி நிற்பாராயின், எம் எழுத்து அவளுக்கு மற்றொரு சுமையாகவே முடியும். பொழுது விடியுமுன் எழுந்து சமைத்து, பாலைப் பீய்ச்சி, பாத்திரம் கொதிக்கவைத்து, வேலைக்கு ஓடி, மாலையில் திரும்பி மீண்டும் அதையே செய்ய ஒருத்தியால் எத்தனை நாள் இயலும்? ஒரு வாரத்தில் களைத்து, "டின் பாலே போதும்" என்று விட்டுவிடுவாள். பல வீடுகளில் நடப்பது இதுவே. அவளை அன்புக் குறைவுள்ளவள் என்று பழிப்பது அநியாயம்.

பாத்திரத்தைக் கழுவிக் கொதிக்கவைப்பது கணவன் செய்யக்கூடிய வேலை. தேதி எழுதி ஒட்டுவதும், பனிக்கட்டிப் பையை உறைய வைப்பதும், மாலையில் பெட்டியை வாங்கி உள்ளே வைப்பதும் அவனுக்கு உரியவையே. பாலாடையால் பொறுமையோடு ஊட்டுவதில் மாமியாரை மிஞ்சியவர் யார்? மருமகள் பீய்ச்சி வைத்த பாலை, "கறந்த பால்தானே" என்று முகம் சுளிக்காமல், பேரக்குழந்தையின் அமுதமாகக் கருதி ஊட்டும் பாட்டி அக்குடும்பத்தின் தூண்.

தொழில் நடத்துவோரிடமும் ஒரு வேண்டுகோள். 1961 ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம், வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தையின் பதினைந்தாவது மாதம் வரை நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை உரிமையாக்கியது. 2017 ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு ஊதியத்தோடு கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பகம் அமைக்கவும் பணித்தது. 2020 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமைகள் இடம் பெற்றுள்ளன. ஆனால் ஐந்தாறு பெண்கள் நாட்கூலிக்கு வேலை செய்யும் சிறு பட்டறைக்கும் வயல்வெளிக்கும் இந்தச் சட்டத்தின் கை எட்டுவதில்லை. அங்கே முதலாளியின் மனச்சாட்சியே சட்டம். கதவுள்ள ஒரு சிறு அறை, கை கழுவத் தண்ணீர், ஒரு நாற்காலி, நண்பகலில் இருபது நிமிடம்: இவ்வளவே கேட்கிறோம். இதனால் எந்தச் சூளையும் அணைந்துவிடாது. எந்தக் கணக்கும் நட்டத்தில் முடியாது. குழந்தை நோய்வாய்ப்பட்டு அத்தாய் பத்து நாள் வேலைக்கு வாராது போவதைவிட இது முதலாளிக்கும் இலாபமே.

ஐயம் எழுந்தால் கிராமச் சுகாதாரச் செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் கேளுங்கள். தாய் ஏதேனும் மருந்து உட்கொள்கிறாளாயின், பாலைப் பேணி வைக்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கழுவிய கை, மூடிய பாத்திரம், மாறாத குளிர்ச்சி, மறவாத தேதி: இந்நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டால் பேணும் முறை முழுவதும் அடங்கிவிடும். இவற்றைத் தாய் ஒருத்தியே சுமக்க வேண்டியதில்லை. இவ்விதழைப் படித்த கணவன்மாரும் மாமியாரும் இன்றே ஒரு மூடியுள்ள கிண்ணத்தைக் கொதிக்கவைத்து எடுத்து வைப்பார்களாயின், நாளை வேலைக்குச் செல்லும் தாய் சற்று மன அமைதியோடு படி இறங்குவாள்.